சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை உடலமைப்பைக் கொண்டு இனங்காண்பது எப்படி

மொரிசியஸில் தமிழர் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடியாவது நிற்கும். கிரியோல் பேசும் அண்டை வீட்டாரும் அதை நம் சொல்லாலேயே ‘கரிப்பூலே’ என்றுதான் அழைக்கிறார்கள். கோடை மழைக்குப் பின் அந்தச் செடி கொழுந்து விடும்போது ஓர் இளந்தண்டை வளைத்துப் பாருங்கள். ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில், தட்டையாக, பின்புறம் வெள்ளை மெழுகு இழைகளோடு நகரும் குஞ்சுகள் ஆசிய எலுமிச்சைச் சைலிட் பூச்சியினுடையவை. அவற்றினூடே அசைவற்று, பழுப்பேறி, செடியோடு ஒட்டிக் கிடக்கும் வெற்றுக் கூடுகளும் இருக்கலாம். அந்தக் கூட்டில் ஊசி முனையால் குத்தியது போன்ற வட்டத் துளை இருந்தால், அதன் வழியே, குஞ்சை உண்டு வளர்ந்த, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒட்டுண்ணிக் குளவி ஒன்று வெளியேறிப் போயிருக்கிறது என்று பொருள்.

அந்தக் குளவி எது என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அன்று. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் கிரீனிங் நோயை நம் தீவுகளில் இரண்டு சைலிட் இனங்கள் பரப்பின. ஒன்று ஆசியாவிலிருந்து வந்தது, மற்றொன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் 1970களின் பிற்பகுதியில் ஆசியச் சைலிட்டுக்கு எதிராக இந்தியாவிலிருந்து டமாரிக்சியா ரேடியாட்டாவையும், ஆப்பிரிக்கச் சைலிட்டுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து டமாரிக்சியா டிரையியையும் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த, பார்வைக்கு மிக நெருங்கிய குளவிகள். ஆனால் ஒவ்வொன்றும் தனக்குரிய சைலிட்டையே நாடும். ஆளை மாற்றி விட்டிருந்தால் அந்த முயற்சி வீணாகியிருக்கும். இனங்காணுதலில் உள்ள கவனம் எவ்வளவு மரங்களைக் காக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து அளவைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஏமாற்றும். பெரிய புழுவை உண்டு வளர்ந்த குளவி பெரிதாகவும், சிறிய புழுவிலிருந்து வந்த அதே இனக் குளவி பாதி அளவிலும் இருக்கலாம். குளிரில் வளர்ந்த கூட்டுப்புழுவிலிருந்து வரும் குளவி பல இனங்களில் கருத்துப் போகும். ஆகவே ஜூலை மாதம் க்யூர்பிப் மேட்டுநிலத்தில் பிடித்ததும் ஜனவரியில் ஃபிளாக் கடற்கரைப் பக்கம் பிடித்ததும் நிறத்தில் வேறுபட்டால், அதை வைத்து இரண்டு இனம் என்று எழுதிவிடக் கூடாது. எண்ணக் கூடியவற்றை நம்புங்கள். உணர்கொம்பின் கணுக்கள், பாதத்தின் கணுக்கள், இறக்கை நரம்புகள் ஆகியவை வெயிலுக்கும் குளிருக்கும் மாறுவதில்லை.

வளர்த்தெடுத்தல்

வலை வீசிப் பிடித்த குளவியைவிட, அது வாழ்ந்த புழுவிலிருந்தோ முட்டையிலிருந்தோ வளர்த்தெடுத்த குளவி பத்து மடங்கு மதிப்புடையது. ஓம்புயிர், அதாவது குளவி உண்டு வளர்ந்த உயிர், எது என்று தெரிந்துவிட்டால் சாத்தியமான குடும்பங்களின் பட்டியல் உடனே சுருங்கிவிடும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. திருகு மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பிகள், மருந்துக்கடையில் கிடைக்கும் வெற்று ஜெலட்டின் கேப்சூல்கள், ஈரத்தை உறிஞ்ச ஒரு துண்டு டிஷ்யூ, மிக மெல்லிய ஓவியத் தூரிகை ஆகியவை போதும். ஒரு குப்பிக்கு ஓர் ஓம்புயிர் என்ற விதியை மட்டும் மீறாதீர்கள். ஒரு ஜனவரியில் நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, முட்டைக்கோஸ் புழுக்களையும் அதே இலையிலிருந்த அசுவினிக் கூடுகளையும் ஒரே டப்பாவில் அடைத்தேன். ஒரு வாரத்தில் மூன்று வகைக் குளவிகள் வெளிவந்தன. எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அத்தனையையும் ஓம்புயிர் தெரியாதவை என்று குறித்து ஒதுக்க வேண்டியதாயிற்று.

வெளிவந்த குளவியோடு அது விட்டுச் சென்ற கூட்டையும் சேர்த்து வையுங்கள். வெளியேறிய துளை ஒரு கையொப்பம் போன்றது. ஒட்டுண்ணி தாக்கி உப்பி, வைக்கோல் நிறமாகிப்போன அசுவினியின் முதுகில் விளிம்பு வழவழப்பான வட்டத் துளையும் அதில் தொங்கும் ஒரு சிறு மூடியும் இருந்தால், வந்தது பெரும்பாலும் அஃபிடியஸ் வகைக் குளவி. துளையின் விளிம்பு கடித்துக் குதறியது போல இருந்தால், அசுவினியைத் தாக்கிய குளவியையே தாக்கிய இரண்டாம் நிலை ஒட்டுண்ணி வந்திருக்கக்கூடும். பின்னதை நன்மை செய்யும் பூச்சி என்று எண்ணிப் பெருக்கியவர் தன் நண்பனின் எதிரியை வளர்த்தவர் ஆவார்.

பார்க்க வேண்டிய வரிசை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் தொடக்கத்துக்குப் போதும். குடும்பம் வரை போக இருபது மடங்கு லென்ஸும், அதற்கு மேல் போக நாற்பது மடங்குக்குக் குறையாத இருகண் நுண்ணோக்கியும் தேவை. லென்ஸைவிட வெளிச்சம் முக்கியம் என்பது என் அனுபவம். வழவழப்பான சிறு உடலில் நேரடி விளக்கொளி பட்டால் கண்ணைக் கூசும் வெண்புள்ளிகளே தெரியும். எல்ஈடி விளக்கைச் சுற்றி டிரேசிங் காகிதத்தை உருளையாக வளைத்து வைத்துவிட்டால், அதே உடலில் குழிகளும் கோடுகளும் மயிர்களும் தாமாக எழுந்து நிற்கும்.

முதலில் அது குளவிதானா என்பதை உறுதிசெய்யுங்கள். சிறு ஈக்களுக்கு இரண்டு இறக்கைகள், குளவிகளுக்கு நான்கு. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் சிறகுள்ள எறும்புகளுக்கும் முழங்கை போல மடங்கிய உணர்கொம்பு உண்டு. ஆனால் எறும்பின் இடுப்பில் ஒன்றோ இரண்டோ முடிச்சுகள் புடைத்துத் தெரியும்.

அடுத்து உணர்கொம்பு. தலையோடு சேரும் நீண்ட கணுவை ஒன்று என்று தொடங்கி நுனிவரை எண்ணுங்கள். பதினாறுக்கு மேற்பட்ட கணுக்கள் இருந்து, உணர்கொம்பு நூல் போல நீண்டிருந்தால், இக்நியூமானிட் அல்லது பிராக்கானிட் குடும்பம் என்று கொள்ளலாம். உணர்கொம்பு முழங்கையாக மடங்கி, கணுக்கள் பதின்மூன்றுக்கு மிகாமல் இருந்தால், அது பெரும்பாலும் கால்சிட் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது, அல்லது முட்டை ஒட்டுண்ணிகளான சீலியானிட் வகை. எண்ணும்போது இரண்டாம் கணுவுக்கு அடுத்து மோதிரம் போல ஒடுங்கிய வளையக் கணுக்களைத் தவறவிடாதீர்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்து வருவதற்கு அவையே பெரும்பாலும் காரணம்.

கரும்புத் தண்டைப் பிளந்தால், துளைப்பான் புழுவின் அருகே வெண்பஞ்சுக் கொத்தாகக் கிடக்கும் சிறு கூடுகளிலிருந்து வருவது கொட்டேசியா ஃபிளாவிப்ஸ். இது பிராக்கானிட் குடும்பத்தின் மைக்ரோகேஸ்ட்ரினே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தத் துணைக்குடும்பத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் உணர்கொம்புக் கணுக்கள் பதினெட்டு. ஒரு கொத்திலிருந்து ஐந்து குளவிகளை எடுத்து எண்ணிப் பழகினால் கை தேறிவிடும்.

மூன்றாவதாக இறக்கை. கால்சிட்களின் முன்னிறக்கையில் நரம்புகள் மிகக் குறைந்து, முன் விளிம்பை ஒட்டி ஓடும் ஒரே கோடும், அதிலிருந்து உள்நோக்கி நீளும் ஒரு குட்டைக் கிளையும் மட்டுமே எஞ்சியிருக்கும். முள் உடைந்த குச்சி போல அது தோன்றும். பிராக்கானிட், இக்நியூமானிட் இறக்கைகளிலோ நரம்புகள் கட்டங்கட்டமாகப் பின்னியிருக்கும். இந்த இரண்டையும் பிரிக்க, முன்னிறக்கையின் நடுப்பகுதிக்கு வெளியே, பின்பக்கமாகச் சரிந்து ஓடும் குறுக்கு நரம்புகளைத் தேடுங்கள். இரண்டு இருந்தால் இக்நியூமானிட். ஒன்று மட்டும் என்றால் பிராக்கானிட். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் தோட்டத்தில் கிடைப்பவற்றில் இந்த அடையாளம் அரிதாகவே கைவிடும். கரும்புத் துளைப்பானின் கூட்டுப்புழுவிலிருந்து வரும், மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட சாந்தோபிம்ப்லா ஸ்டெம்மேட்டர் ஓர் இக்நியூமானிட்.

இறக்கையைப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. வெள்ளைக் காகிதத்தின் மேல் நிறமற்றுத் தெரியும் இறக்கையைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து விளக்கின் கோணத்தை மாற்றினால், சோப்புக் குமிழியில் ஓடுவது போன்ற பச்சையும் ஊதாவும் பட்டைகளாக எழும். இறக்கைச் சவ்வின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் உண்டாகும் இந்த வண்ணக்கோலம் ஓர் இனத்துக்குள் நிலையாக இருக்கிறது என்று 2011இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் வெள்ளைப் பின்புலத்திலேயே பார்த்து வந்ததால் கண்ணில் படாமல் இருந்த ஓர் அடையாளம் இது. முதன்முதலில் அதைப் பார்த்த மாலை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பாதக் கணுக்கள்

நான் அதிகம் நம்புவது பாதத்தைத்தான். கணைக்காலுக்குக் கீழே நகம் வரை உள்ள பகுதி பாதம். அது சிறு கணுக்களாகப் பிரிந்திருக்கும். குளவியை ஒருக்களித்துக் கிடத்தி, கண்ணாடித் தட்டின் அடியிலிருந்து ஒளி வரச் செய்து, நகத்திலிருந்து உடலை நோக்கி எண்ணுங்கள். உடலிலிருந்து நகத்தை நோக்கி எண்ணினால், கணைக்காலின் முனையில் நிற்கும் முள் கண்ணை மறைத்துக் குழப்பும். கால்சிட் பெருங்குடும்பத்துக்குள், மூன்று கணுக்கள் என்றால் டிரைக்கோகிராமாட்டிட் குடும்பம். நான்கு என்றால் பெரும்பாலும் யூலோஃபிட். ஐந்து என்றால் என்சிர்ட்டிட், டெரோமாலிட், கால்சிடிட் உள்ளிட்ட மற்றவை.

இனிக் கறிவேப்பிலைச் செடிக்கே திரும்புவோம். ஆசியச் சைலிட்டின் குஞ்சுகளைத் தாக்குபவை முக்கியமாக இரண்டு இனங்கள். டமாரிக்சியா ரேடியாட்டா ஒரு யூலோஃபிட்; அதன் பாதத்தில் நான்கு கணுக்கள். டயாஃபோரென்சிர்ட்டஸ் அலிகரென்சிஸ் ஓர் என்சிர்ட்டிட். அதற்கு ஐந்து கணுக்கள். முன்னதன் பெண் குளவி சைலிட் குஞ்சின் அடிவயிற்றுப் பக்கம், பின்னங்கால்களின் அருகே முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு குஞ்சின் உடலுக்கு வெளியே, அதன் அடியிலேயே தங்கி உறிஞ்சி வளரும். பின்னதன் புழு குஞ்சின் உடலுக்குள்ளேயே வளரும். அதனால் கூட்டில் துளை விழும் இடமும் மாறுகிறது. டமாரிக்சியா குஞ்சின் தலை, மார்புப் பக்கமாகத் துளைத்து வரும். டயாஃபோரென்சிர்ட்டஸ் வயிற்றுப் பக்கமாக வரும். குளவி பறந்து போயிருந்தாலும் கூட்டை லென்ஸில் பார்த்தே எது வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குளவியே கையில் இருந்தால், டமாரிக்சியா ரேடியாட்டாவின் உடல் கறுப்பு; கால்கள் வெளிறியவை; வயிற்றின் மேற்புறத்தில், மார்பை ஒட்டி ஒரு மஞ்சள் திட்டு உண்டு. ஆணின் உணர்கொம்பு பெண்ணினுடையதைவிட நீண்டு, சுற்றிலும் நீள மயிர்கள் சிலிர்த்து நிற்கும். என்சிர்ட்டிட்டை அறிய மார்பின் பக்கவாட்டைப் பாருங்கள். நடுக்காலுக்கு மேலே பள்ளங்கள் இல்லாமல், கேடயம் போலப் புடைத்த ஒரே பெரிய தட்டு இருக்கும். நடுக்கால் கணைக்காலின் முனையில் தடித்த நீண்ட முள் ஒன்று நிற்கும். இரண்டும் துள்ளுவதற்கானவை. குப்பியைத் தட்டினால் என்சிர்ட்டிட் சட்டெனக் குதித்து மறு சுவரில் போய் ஒட்டும். உயிரோடு இருக்கும்போதே இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றக் குடும்பங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னங்கால் தொடை கடலைப் பருப்புப் போல உப்பி, கீழ் விளிம்பில் பற்கள் இருந்தால் கால்சிடிட். பின்னிறக்கை காம்பு போல ஒடுங்கி, இரண்டு இறக்கைகளின் ஓரத்திலும் நீண்ட மயிர்கள் தோகை விரித்தாற்போல நின்றால் மைமாரிட். மயில்கழுத்துப் பச்சையில் மின்னி, பாதத்தில் ஐந்து கணுக்களோடு, தனித்த அடையாளம் வேறொன்றும் தென்படாவிட்டால் டெரோமாலிட்டாக இருக்கலாம். இதை மட்டும் தற்காலிக முடிவாகவே குறியுங்கள். வெள்ளை ஈயிலிருந்தும் செதில் பூச்சியிலிருந்தும் வரும், இடுப்பு ஒடுங்காத வெளிர்மஞ்சள் குளவிகள் ஏஃபெலினிட். முழுக் கறுப்பாக, வயிற்றின் இரு ஓரமும் கத்தி விளிம்பு போலக் கூர்ந்திருந்தால் சீலியானிட் வகை.

குடும்பத்தில் இறங்கியவுடன் இனப் பெயரை எழுதத் துடிக்காதீர்கள். கல்யாண முருங்கையின் இலைக்காம்புகளில் கரடுமுரடான கழலைகளை உண்டாக்கும் குவாட்ராஸ்டிக்கஸ் எரித்ரினேயும் பாதத்தில் நான்கு கணுக்கள் கொண்ட ஒரு யூலோஃபிட்தான், டமாரிக்சியாவின் உறவினன். ஆனால் அது எந்தப் பூச்சியையும் தாக்குவதில்லை. மரத்தையே தின்று வாழ்கிறது. சிங்கப்பூர், ரீயூனியன், மொரிசியஸ் ஆகிய இடங்களிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004இல்தான் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது; அடுத்த ஆண்டே ஹவாயில் தென்பட்டது. கழலையிலிருந்து வெளிவந்த குளவி என்றவுடன் அது கழலைப் பூச்சியைக் கொன்ற நல்ல குளவி என்று எடுத்துக்கொண்டால், கெடுதி செய்பவனுக்கே நற்சான்று கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆண் மாதிரிகளின் தேவை

அந்துப்பூச்சிகளின் முட்டைகளைத் தாக்கும் டிரைக்கோகிராமா அரை மில்லிமீட்டர் அளவே உள்ளது. பாதத்தில் மூன்று கணுக்கள், முன்னிறக்கையில் வரிசை வரிசையாக நடப்பட்ட நாற்றுப் போன்ற மயிர்கள், செந்நிறக் கண்கள் ஆகியவற்றைக் கொண்டு பேரினத்தை ஊகிக்கலாம். இனத்தைச் சொல்ல இவை போதா. அதற்கு ஆண் குளவியின் பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டும் என்பதைத் தெளிவாக நிலைநாட்டியவர்கள் இந்திய ஆய்வாளர்களான நாகர்கட்டியும் நாகராஜாவும். இந்தியாவில் நெடுங்காலம் டிரைக்கோகிராமா ஆஸ்திராலிக்கம் என்ற பெயரில் வளர்க்கப்பட்ட குளவி உண்மையில் வேறு இனம் என்று பின்னர் தெளிவாயிற்று. இன்று அதை டிரைக்கோகிராமா கைலோனிஸ் என்கிறோம். பெயர் தவறினால் அதன் கீழ் எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகள் அத்தனையும் வேறொருவர் கணக்கில் போய்ச் சேரும்.

எனவே பெண்களை மட்டும் சேகரித்து நிறுத்திவிடாதீர்கள். பெண்ணுக்கு உணர்கொம்பு நுனி தடித்து, மயிர் குட்டையாக இருக்கும். ஆணுக்கு நீண்ட மயிர்கள் உண்டு. ஒரே முட்டைக் கொத்திலிருந்து வந்த இரண்டையும் சேர்த்தே வையுங்கள். ஆணைப் பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தசையை நீக்கி, கனடா பால்சம் என்ற பிசினில் கண்ணாடித் தட்டின் மேல் பதித்து, உயர்திறன் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கொட்டேசியா ஃபிளாவிப்ஸும் இப்படித்தான்: அதனோடு உருவில் ஒத்த மூன்று உறவினங்கள் உண்டு, ஆண் உறுப்பையும் மரபணுவையும் கொண்டே அவற்றை உறுதியாகப் பிரிக்க முடியும். லென்ஸில் மட்டும் பார்த்தவர் ‘கொட்டேசியா ஃபிளாவிப்ஸ் கூட்டம்’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

பாதுகாத்தலும் குறிப்புச் சீட்டும்

யூலோஃபிட், டிரைக்கோகிராமாட்டிட் போன்ற மென்னுடல் குளவிகள் காய்ந்தால் வற்றல் போலச் சுருங்கிவிடும். தலையும் வயிறும் ஒடுங்கிப்போன பின் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அவற்றை ஆல்கஹாலிலேயே வைத்திருங்கள். உறுப்புகளைப் பார்க்க எழுபது முதல் எண்பது விழுக்காடு ஆல்கஹால் நல்லது; உடல் வளைந்து கொடுக்கும். மரபணு ஆய்வுக்கு ஒதுக்குபவற்றைத் தொண்ணூற்றைந்து விழுக்காட்டில் இட்டு உறைகுளிரில் வையுங்கள். அதில் கால்கள் விறைத்து எளிதில் ஒடிவதால் எண்ணுவதற்கென வேறு மாதிரிகள் வேண்டும். கெட்டியான உடலுள்ள கால்சிடிட்டையும் இக்நியூமானிட்டையும் உலர்த்தி, முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் மார்பின் வலப்பக்கம் பசையில் படுமாறு ஒட்டுங்கள். இடப்பக்கமும் முகமும் இறக்கைகளும் பசை படாமல் தெரிய வேண்டும்.

குப்பிக்கு வெளியே ஒட்டும் சீட்டு நம் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சீட்டைத் தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஊரும் பகுதியும், கடல்மட்டத்திலிருந்து உயரம், செடி, ஓம்புயிர், அது எந்தப் பருவத்தில் இருந்தது, சேகரித்த நாள், குளவி வெளிவந்த நாள், சேகரித்தவர் பெயர் ஆகிய எட்டும் இருக்கட்டும். ‘ரோஸ் ஹில், கறிவேப்பிலை, சைலிட், ஐந்தாம் பருவக் குஞ்சு, துளை மார்பில்’ என்ற ஒரு வரி, பல ஆண்டுகள் கழித்து அந்தக் குப்பியைத் திறப்பவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். நீங்கள் கண்டறிந்த இனப் பெயரை இந்தச் சீட்டில் எழுதாமல் தனிச் சீட்டில், உங்கள் பெயரோடும் ஆண்டோடும் எழுதுங்கள். பின்னால் ஒரு வல்லுநர் அதைத் திருத்தினால், அவர் தன் சீட்டை உங்களுடையதற்கு அடுத்து வைப்பார். உங்கள் சீட்டும் அங்கேயே இருக்க வேண்டும்.